பன்னிரண்டு வரிக் கண்ணாடி

வெள்ளைக்காரர் காலத்தில் கொட்டாஞ்சேனையில் நுளம்பு கடித்து வரும் காய்ச்சல் பரவியபோது, ஆசிரியரான என்னைப் பேச அழைத்தார்கள். விளக்கில் வைத்துத் திரையில் காட்டும் கண்ணாடித் தகடு ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு வரி எழுதினேன், எதுவும் விடுபடக்கூடாதென்று. முதல் தகடு திரையில் தெரிந்ததும் மண்டபமே சத்தமாக வாசித்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. சனம் ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்தேன்.

முன்வரிசையிலிருந்து என் மனைவி, "இஞ்சருங்கோ, நாங்கள் வாசிக்கிறதோ, நீங்கள் கதைக்கிறதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

சிரிப்பு அடங்குமுன், எழுத்தில்லாததால் ஒதுக்கியிருந்த படத் தகட்டை வைக்கச் சொன்னேன். தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய தண்ணீரில் நுளம்புப் புழுக்கள். மண்டபம் அமைதியானது.

"எங்கட முற்றத்திலயும் இது கிடக்கு. என்ன செய்யிறது, மாஸ்டர்?" என்றது ஒரு குரல். அதற்குப் பிறகுதான் நான் கதைத்தேன்.

மறுநாள் அந்தத் தெருவில் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. எண்ணிக்கொண்டே நடந்தேன், பாதியில் கணக்குத் தவறியது. வாழ்க்கையில் முதல்முறையாக அது என்னை உறுத்தவில்லை.