டவாலி அடைக்கலம் அடித்த சூடம்

திருவரங்குளத்து அடைக்கலம் பொய் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் கடைசியில் எங்கள் எல்லோருக்கும் கேடாக வந்தது.

மகாராஜா காலத்தில் அவர் புதுக்கோட்டைக் கஜானா வாசலில் காவல் நின்றவர். தலைப்பாகை, தோளிலிருந்து குறுக்கே டவாலிப் பட்டை, அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை வில்லை. நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது கஜானா போனது, அவர் வேலையும் போனது. ஒரு வருஷம் கழித்து மதராஸ்காரர்களின் பெரிய பேங்க் ஒன்று கீழராஜ வீதியில் கிளை போட்டது. திறந்து வைக்க மந்திரி வந்தார். பேங்க்காரர்கள் அடைக்கலத்தைத் தேடிப் பிடித்து, அதே மாதிரித் தலைப்பாகையும் டவாலியும் மாட்டி, வில்லையில் பேங்க் பெயரை வெட்டி, வாசலில் நிறுத்தினார்கள்.

எங்கள் சனத்துக்கு அது போதாதா? மந்திரி திறந்தார், கஜானாக்காரர் நிற்கிறார், அப்படியென்றால் இது சர்க்கார் கஜானாதான் என்று நினைத்துவிட்டோம். கடலை விற்ற காசு, மாடு விற்ற காசு எல்லாம் அங்கே போயிற்று. இது சர்க்காருடையது இல்லை என்று பேங்க்காரர்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

அடைக்கலத்துக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. புருஷனை இழந்த தங்கச்சி ராக்காயிதான் பொங்கிப் போட்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, "ஆவணி முடியறதுக்குள்ள அறுத்துடணும். அதுக்கு மேல போனா நரம்பு செத்துடும்மா" என்றார். அதற்காக எட்டு ஆட்டை விற்ற காசையும் அவள் அண்ணன் நின்ற வாசல் வழியாகத்தான் உள்ளே கொண்டுபோய்க் கட்டினாள்.

அறுபதாம் வருஷம் ஆடி மாசம், பேங்க் ஆட்டம் கண்டுவிட்டதாகப் பேச்சு வந்தது. ஒரு திங்கட்கிழமை, கிளையை நடத்திய ஏஜெண்டு ராமசுப்பிரமணியன் அரக்கு வைத்த ஏழு கவர்களை அடைக்கலத்திடம் கொடுத்தார். மில் முதலாளி வீடு, பெரிய ஆபீசர் பங்களா என்று அடைக்கலம் சைக்கிளில் போய் ஏழு கவரையும் சேர்த்துவிட்டு வந்தார். உள்ளே இங்கிலீஷ். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

மறுநாள் பேங்க் வாசலில் சனம் கூடியது. ஏஜெண்டு அவரை உள்ளே கூப்பிட்டார். "சர்க்காரே நம்மகிட்டக் கடன் வாங்குதுப்பா. நம்மள விழ விடுமா? நீ சொன்னா ஊர் கேக்கும். போய்ச் சொல்லு."

அடைக்கலம் நம்பினார். புதன்கிழமை ஊர்க் கருப்பர் வாசலில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்.

"ஒங்க காசு பத்திரமா இருக்கு. நான் சொல்றது பொய்யின்னா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும்" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"மாமா, கையைப் பாத்து. நாளைக்குக் கதவு தொறக்க அந்தக் கைதான வேணும்" என்றான் எங்கள் தெருப் பெரியகருப்பன். கூட்டம் சிரித்தது. எல்லோரும் பாஸ்புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நானும்தான்.

வியாழக்கிழமை ராக்காயி மதுரைக்குப் போகக் காசு எடுக்க வந்தாள். ஏஜெண்டு பார்த்துவிட்டார். "சத்தியம் பண்ணினவன் தங்கச்சியே எடுத்துட்டுப் போனா, பாக்குறவன் என்னய்யா நினைப்பான்?"

அடைக்கலம் வெளியே வந்தார். "தாயி, திங்கக்கிழமை எடுப்போம்."

"டாக்டரு தேதி சொல்லியிருக்காருண்ணே."

"ஆவணியே இன்னும் பொறக்கலையே. நாலு நாள்தான?"

"நீ சொன்னாச் சரி." சுவரைத் தடவிக்கொண்டே பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் ஆர்டர் ஒட்டியிருந்தது. முழு உடுப்போடு வந்த அடைக்கலம் அதன் முன்னால் நின்றார். யாரும் அவரை அடிக்கவில்லை. பெரியகருப்பன்தான் கேட்டான்.

"ஏழு வீட்டுக்குக் கவர் கொண்டு போனியாமே மாமா? ஏழு பேரும் மறுநாளே காசை எடுத்துட்டாங்களாம். எங்க தெருவுக்கு மட்டும் ஒனக்கு வழி தெரியலையா?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுடா."

"சூடம் அடிக்க மட்டும் தெரியுமாக்கும்."

மனு எழுதிக்கொண்டு பத்துப் பேர் திருச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ஒரு கிளார்க் இரக்கப்பட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "ஆர்டர் முந்தின வாரமே தயாரா இருந்துச்சு. பேங்க் டைரக்டர் மேலிடத்துல போய்ப் பேசி, ஒரு வாரம் நிறுத்தி வச்சாரு. ரோடு போட, பாலம் கட்ட சர்க்கார் கடன்பத்திரம் வித்தா, மொத ஆளா வாங்குறது அவங்கதான். அவங்க ஒரு வாரம் கேட்டா யாருய்யா இல்லேங்கிறது?"

"அப்ப நாங்க?"

"மனுவை அந்தத் தட்டுல போட்டுட்டுப் போங்க."

அடைக்கலம் சைக்கிளை விற்றார், வீட்டுக் கதவை விற்றார். போதிய காசு சேர்ந்து மதுரைக்குப் போகும்போது தை பிறந்துவிட்டது. டாக்டர் ராக்காயியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு ஊரில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. சிவன் கோயில் பிரசாதம் கொடுக்க நான் மட்டும் போவேன். ஒருநாள் ராக்காயி கேட்டாள்:

"அண்ணே, ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுது தாயி."

"அப்ப நீ பொய் சொல்லலண்ணே. கருப்பருக்குத் தெரியும்."

அடைக்கலம் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

அறுபத்திரண்டில் அந்தப் பேங்கை அதைவிடப் பெரிய ஒரு பேங்கோடு சர்க்கார் சேர்த்துவிட்டது. எங்களுக்கு ரூபாய்க்கு நாலணா வந்தது. பழைய டைரக்டர் புதுசிலும் டைரக்டர். அதே கதவைத் திறக்க இன்னொரு மந்திரி வந்தார். பயிர்க் கடனுக்குப் போக வேறு இடம் இல்லாததால் எங்கள் ஆட்களும் குனிந்த தலையோடு அங்கேதான் போனார்கள். வாசலுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்று புது ஏஜெண்டு அடைக்கலத்துக்கு ஆள் அனுப்பினார்.

வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. போய் உடுப்பை வாங்கி வந்தார். ராக்காயி அதை மடியில் போட்டு, வில்லையை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"முன்னதைவிடப் பெருசா இருக்கேண்ணே" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் வில்லையைப் புளி போட்டுத் துலக்கி மாட்டிக்கொண்டு அடைக்கலம் புதுக்கோட்டைக்கு நடந்தே போனார்.