பதினெட்டுச் சுற்று, பதினொரு சுற்று

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். மத்தியானம் இரண்டரை மணி. மூன்று அடித்தால் வாங்க மாட்டார்கள். எங்கள் வார்டு மெம்பர் தேவசகாயம் அண்ணாச்சி தன்னுடைய சைக்கிள் கடையில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர்ச் சட்டிக்குள் டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, மனு குடுக்கப் போகலையா? அரை மணி நேரந்தான் இருக்கு.”

“போகலப்பா.”

“போகலன்னா?”

“இந்தத் தடவை நிக்கலன்னு அர்த்தம். அந்த உப்புத்தாளை எடு.”

எடுத்தேன். அவர் கையில் கொடுக்காமல் ரோட்டில் வீசி எறிந்தேன். அவ்வளவு கோபம். ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் படித்தால் நல்லது.

ஊர் பெயரை எழுதப் போவதில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்து இருக்கிற ஒரு பேரூராட்சி. அங்கே எனக்குச் சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும்.

1. பல் போனவர் இடத்தில் நான்

எண்பதுகளின் பிற்பாதியில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். ஆபீஸ் நோட்டில் என் வேலைக்கு டர்ன்காக் என்று பெயர். ஊரில் தண்ணிக்காரன். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப்பிடி, அடியில் வால்வின் தலையைக் கவ்வுகிற சதுரக் குழி. இதுதான் வால்வு சாவி. ரோட்டில் வால்வு இருக்கிற குழிக்குள் சாவியை இறக்கித் திருப்பினால் தெருவுக்குத் தண்ணீர் போகும். வேலை அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

என் பொறுப்பில் ஒரு மேல்நிலைத் தொட்டி, இரண்டு தெரு. ஒன்று மேட்டுத் தெரு. இன்னொன்று ஓடைத் தெரு. பெயரிலேயே மேடும் பள்ளமும் தெரியும். இரண்டிலும் பாதிப் பேர் ராஜபாளையம் மில்லுக்குப் போகிறவர்கள். ஆறே முக்கால் பஸ்ஸை விட்டால் முதல் ஷிப்ட் போய்விடும். அதனால் இரண்டு தெருவுக்கும் ஒரே நேரத்தில், ஐந்தரை முதல் ஆறரைக்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு தெருவுக்கு முதலில், இன்னொரு தெருவுக்குப் பிறகு என்று விட்டுப் பார்த்தார். பிந்திய தெருக்காரர்கள் அடித்ததில் அவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. அந்தக் காலியிடத்தில்தான் நான் வந்தேன்.

முதல் நாள் இரண்டு வால்வையும் முழுசாகத் திறந்தேன். ஓடைத் தெருவில் குழாய் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மேட்டுத் தெருவில் வெறும் காற்று உஸ்ஸென்றது. மேட்டுத் தெரு பாக்கியம் அக்கா, மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிறவள், காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் கால்மாட்டில் டங்கென்று வைத்தாள்.

“ஏலே, இதுல காத்தப் பிடிச்சா சோறு பொங்கச் சொல்லுத?”

2. இரண்டு குடம், இரண்டு வாட்ச்

அன்றைக்கே தேவசகாயம் அண்ணாச்சி வந்தார். அப்போது நடந்து முடிந்திருந்த பேரூராட்சித் தேர்தலில்தான் மெம்பராகியிருந்தார். ஒரு கட்சியில் இருந்தார், ஆனால் கடையில் கொடி கிடையாது. எதிர்க்கட்சிக்காரன் சைக்கிளுக்கும் காற்று அடிப்பார், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவார். இதனால் சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அவரை ஏச ஒன்றும் கிடைக்கவில்லையே என்று எரிச்சல்.

ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்தார். இரண்டு கைக்கடிகாரம் இரவல் வாங்கினார். மூன்று நாள் விடியற்காலையில் அவர் மேட்டுத் தெருக் குழாயில் நின்றார், அவர் சம்சாரம் ஓடைத் தெருக் குழாயில் நின்றார். நான் சைக்கிளில் வால்வுக்கு வால்வு ஓடினேன். ஓடைத் தெருவை ஒரு சுற்றுக் குறை, இன்னும் ஒரு சுற்றுக் குறை என்று பார்த்துப் பார்த்து வந்து, மூன்றாம் நாள் இரண்டு குடமும் ஒரே நேரத்தில் நிரம்பின. மேட்டுத் தெருவுக்குப் பதினெட்டுச் சுற்று. அந்த வால்வு அதற்கு மேல் திறக்காது. ஓடைத் தெருவுக்குப் பதினொன்று.

அண்ணாச்சி வீடு ஓடைத் தெருவில்தான். தன் தெருவைத்தான் குறைத்துக்கொண்டார்.

“இனிமே திறக்கையில சத்தமா எண்ணு. ஊரு கேக்க எண்ணு. தண்ணிக்காரன் ஆளு பாத்துத் திறக்கான்னு ஒருத்தன் சொல்லப்பிடாது” என்றார்.

எண்ணினேன். பெண்கள் குடத்தோடு நின்று கூடவே எண்ணுவார்கள். ஒன்றை முழுங்கிவிட்டால் போச்சு.

“ஏலே முத்தையா, ஏழு எங்கலே? ஆறுல இருந்து எட்டுக்குத் தாவுத?”

மறுபடி முதலில் இருந்து எண்ண வைப்பார்கள். இந்த எண்ணுகிற வழக்கம் பக்கத்து வார்டு எதிலும் கிடையாது. எங்களிடம் மட்டும்தான். பல வருஷம் ஒரு சண்டை இல்லை. மேட்டுத் தெரு வால்வு கோயில் பக்கம், ஓடைத் தெரு வால்வு பாலத்துப் பக்கம். அவரவர் தெரு எண்ணிக்கை அவரவர் காதில் மட்டும் விழுந்தது. சண்டை வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

3. ஒரே குழி

அண்ணாச்சியின் ஐந்து வருஷம் முடிந்தது. அடுத்த தேர்தல் வராமல் இழுத்துக்கொண்டே போனது. பதவி இல்லாவிட்டாலும் ஊர் அவரை மெம்பர் என்றுதான் கூப்பிட்டது. இந்த இடைவெளியில் ரோடு அகலப்படுத்த வந்தார்கள். அந்த வேலையில் இரண்டு வால்வையும் தெருக்கள் சேர்கிற ரேஷன் கடை முக்கில் ஒரே குழிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சாவியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

புதுக் குழியில் முதல் நாள். மேட்டுத் தெரு வால்வில் சாவியை இறக்கி, “பதினெட்டு” என்று முடித்தேன். ஓடைத் தெரு வால்வுக்கு மாறினேன். “ஒம்பது, பத்து, பதினொண்ணு.” நிறுத்திச் சாவியை உருவினேன்.

ஓடைத் தெரு வரிசை பூராவும் என் பக்கம் திரும்பியது. பிறகு ஒருவன் கேட்டான்.

“அவியளுக்குப் பதினெட்டு, நமக்குப் பதினொண்ணா?”

அவன் குடம் அந்த நேரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நேற்று நிரம்பிய அதே வேகத்தில். அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தது அதே தண்ணீர். ஒரு நம்பர் காதில் விழுந்த உடனே எல்லாருக்கும் வயிறு எரிந்துவிட்டது. “மேடு, பள்ளம்வே” என்று சொன்னேன். “ஒனக்கு என்ன தெரியும், நீ சாவி திருப்புதவன்” என்றுவிட்டார்கள். அதற்கு மேல் நானும் விளக்கவில்லை. மணி ஆகிறது என்று கிளம்பிவிட்டேன்.

4. ரேஷன் கடை முன்னால்

தொண்ணூறுகளின் நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்தது. அண்ணாச்சியின் கட்சிக்கு எங்கள் ஊர்ச் செயலாளர் கோபால். இவருக்குத் தன் மச்சினனை மெம்பராக்க ஆசை. அண்ணாச்சி இருக்கும்வரை நடக்காது. பதினெட்டும் பதினொன்றும் அவர் கையில் லட்டு மாதிரி கிடைத்தது. ரேஷன் கடை முன்னால் வார்டு கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு விட்டார்.

“முத்தையா, ஒன் பெர்மனென்ட் ஃபைலு எங்க நிக்குன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியும். நாளைக்கு நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒரு வார்த்தை வேண்டாம்.”

எட்டு வருஷத்துக்கு மேல் தினக்கூலி. இரண்டு பிள்ளைகள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கூட்டத்தில் கோபால் கேட்டார், நான் சொன்னேன். “மேட்டுத் தெருவுக்குப் பதினெட்டு. ஓடைத் தெருவுக்குப் பதினொண்ணு.” ஓடைத் தெருவே எழுந்து கத்தியது. சொந்தத் தெருவையே விற்றுவிட்டான் என்றார்கள். இதில் கொடுமை என்னவென்றால், மேட்டுத் தெருவிலும் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் எழுந்து, “பதினெட்டோட ஏன் நிறுத்துதாரு? இருவது வச்சா என்னவாம்? ஓட்டுக்குப் போடுத பிச்சைதானே?” என்றான். அந்த வால்வுக்குப் பதினெட்டுதான் உண்டு. மடப்பயல்! இவன் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றின மனுஷனை இவனும் சேர்ந்து ஏசினான்.

அண்ணாச்சி எழுந்து மேட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கேட்க விடவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆளும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“முத்தையா, குடம் வச்சுப் பாத்தோம்லா? அத நீயே சொல்லு.”

கூட்டம் என்னைப் பார்த்தது. கோபாலும் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நீங்க சொன்னீய, நான் திறந்தேன்.”

இதை எழுதும்போது என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.  அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

5. மூன்று மணிச் சங்கு

இனி அந்த உப்புத்தாள் நாளுக்கு வருகிறேன். ரோட்டில் நான் எறிந்ததை அவரே எழுந்துபோய் எடுத்துவந்தார். டியூபைத் தேய்க்கத் தொடங்கினார்.

“கட்சி சீட்டு தராட்டி என்ன அண்ணாச்சி? சுயேச்சையா நில்லுங்க. மேட்டுத் தெருப் பொம்பளைய பூராம் ஒங்களுக்குத்தான் போடுவாவ” என்றேன்.

“ரெண்டு பக்கமும் ஏசுவாங்க. அது எனக்குப் பழக்கந்தான். ஆனா குடம் வச்சுப் பாத்ததுல எம் பொண்டாட்டியத் தவிர ரெண்டு தெருக் கணக்கும் தெரிஞ்ச சாட்சி நீ ஒருத்தன். நீயே தெரியாதுன்னுட்ட. பொறவு எதச் சொல்லி நான் ஓட்டுக் கேக்க?”

அதை ஏசுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. சொலுஷனைத் தடவினார், ஊதினார். தூரத்தில் மில் சங்கு மூன்றுக்கு ஊதியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் மேலும் எனக்குக் கோபம்தான். அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? அன்றைக்கு என் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். கூட்டத்தில் கத்தியிருக்கலாம். தோற்றாலும் நின்று தோற்றிருக்கலாம். நியாயம் தெரிந்தவன் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கோபால் மச்சினன்தான் வருவான். வந்தான்.

6. பதினைந்து

“ரெண்டு தெருவுக்கும் சமமாப் பதினஞ்சு!” இதைச் சொல்லித்தான் அவன் ஜெயித்தான். மேட்டுத் தெருவிலும் கைதட்டினார்கள் என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜெயித்த மறுவாரம் எனக்கு உத்தரவு வந்தது. பதினைந்து, பதினைந்து என்று கணீரென்று எண்ணித் திறந்தேன்.

மேட்டுத் தெருக் குழாய் சொட்டியது. குழாயடியில் பள்ளம் தோண்டி, டம்ளரால் கோரினார்கள். நாலு நாளில் மூன்று நாள் பாக்கியம் அக்காவுக்குப் பஸ் போய்விட்டது. நாலாம் நாள் மில்லில், நாளைக்கும் பிந்தினால் வரவே வேண்டாம் என்றுவிட்டார்களாம். மறுநாள் விடியற்காலை வந்தவள் குடத்தை என் முன்னால் வைக்கவில்லை. திண்டாடிப் போய் அந்தக் குழிமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லாத்தானலே எண்ணுத. தண்ணிய எங்க?”

அந்த ஐந்தாம் நாள்தான் நான் ஒரு காரியம் செய்தேன். மேட்டுத் தெரு வால்வில் வாய் பதினைந்து எண்ணியது, கை பதினெட்டுத் திருப்பியது. மூன்று எண்ணுக்கு இரட்டைச் சுற்று. ஓடைத் தெரு வால்வில் நாலு எண்ணுக்குச் சாவியைச் சும்மா அசைத்தேன். வாய் பதினைந்து, கை பதினொன்று. பெண்கள் கூடவே எண்ணினார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. குடம் இரண்டு தெருவிலும் நிரம்பியது.

பத்து நாள் கழித்துப் புது மெம்பருக்கு அதே ரேஷன் கடை முன்னால் பொன்னாடை போர்த்தினார்கள். ஓரவஞ்சனையை ஒழித்தவர் என்று கோபால் மைக்கில் பேசினார். இரண்டு தெருவும் கைதட்டியது. உண்மையாகப் பதினெட்டு என்று எண்ணச் சொன்ன மனுஷனை ஓட ஓட விரட்டினார்கள். பொய்யாக எண்ணின பதினைந்துக்கு மாலை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் விடியற்காலை குழிப் பக்கம் ஒரு சைக்கிள் நின்றது. அண்ணாச்சி. சீட்டில் இருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நான் இரண்டு வால்வையும் திறந்து முடிக்கிறவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார்.

“வாய் பதினஞ்சு சொல்லுது. கை பழைய கணக்குப் போடுது.”

நான் சாவியைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

“இம்புட்டு சனத்துக்கு முன்னால தெனமும் பொய் சொல்ல ஒனக்குத் தைரியம் இருக்குல்லா முத்தையா? அன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நெசத்தச் சொல்ல என்னலே கேடு வந்துது?”

பதிலுக்கு நிற்கவில்லை. பெடலை மிதித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் அவர் நிற்கவில்லை. கடைக்கு நான் போனால் காற்று அடித்துத் தருவார், பேச்சு மட்டும் இல்லை.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எத்தனை சுற்று என்று சத்தமாகச் சொன்னால் போதாது. ஏன் அத்தனை சுற்று என்பதையும் அதே சத்தத்தில், யாரும் கேட்காவிட்டாலும், தினமும் சொல்லுங்கள். என்னிடம் ஒரு மனுஷன் கூட்டத்தில் கெஞ்சிக் கேட்டும் நான் சொல்லவில்லை. அடுத்த மாதமே பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.