எதிரணி கோலுக்குக் கைதட்டியவன்

அம்மா என்னை பிரான்சுக்கு அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. தம்பி எப்போது திரும்பி வருவான் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டு வரத்தான். போனில் கேட்டால் மழுப்புகிறானாம். கல்யாணம் வழியாக அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துப் போனவன், பத்து வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இப்போது பதினாறு ஆகிறது. நெல்லித்தோப்பு வீட்டில் அவனுக்கென்று கட்டிய மாடியை அம்மா இன்னும் பூட்டி வைத்திருக்கிறார். யாருக்காவது வாடகைக்கு விடலாம் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமைதோறும் முட்டி வலியோடு படியேறி, யாரும் நடக்காத தரையைத் துடைத்துவிட்டு இறங்குவார்.

எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. பள்ளியில் பிரெஞ்சை விழுந்து விழுந்து படித்தவன் நான். விமானம் ஏறியவன் அவன். நான் இன்றும் லாஸ்பேட்டை அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். அவனோ சின்ன வயதில் நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

போய்ச் சேர்ந்து ஆறு நாள் ஆகியும் அந்தக் கேள்வியைக் கேட்க நேரம் வாய்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், தைரியம் வரவில்லை. அவன் அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறான். ஏழாம் நாள் மத்தியானம் அந்த ஊர் கால்பந்து அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம். எனக்கும் டிக்கெட் வாங்கியிருந்தான். சரி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் குடும்ப விஷயம் பேசலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது!

டிராம் முழுக்கப் பச்சை மப்ளர்கள். மைதானத்து வாசலில் இறைச்சி சுடும் புகை. படியேறி உள்ளே போனதும் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. காலடியில் சிமெண்ட் அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து தம்பியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பல வருஷமாக இருவருக்கும் இதே இடம்தானாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் மப்ளரைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, மெதுவான ஒரு பாட்டைப் பாடினார்கள். தம்பியும் பாடினான். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வரி விடாமல். நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு எதிரணிக்காரன் ஒருவன் மூன்று பேரை ஏமாற்றிவிட்டு மூலையில் கோல் போட்டான். அருமையான கோல். நான் எழுந்து கைதட்டினேன். எங்கள் ஊர் டோர்னமெண்டில் அப்படித்தான் பழக்கம். யார் நல்ல கோல் போட்டாலும் மைக்கில் பாராட்டுவார்கள், இரண்டு பக்கத்து ஜனமும் கைதட்டும். இங்கே நாங்கள் இருந்த பக்கம் முழுவதும் செத்த வீடு மாதிரி அடங்கிப்போயிருக்க, என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

"கைய எறக்குணா," என்று தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். முன் வரிசைப் பெரியவர் திரும்பி முறைத்தார். தம்பி அவரிடம் பிரெஞ்சில் சொன்னான்: "தப்பா நினைக்காதீங்க. அவர் நம்ம ஊர் ஆள் இல்லை."

பெரியவர் சிரித்துவிட்டார். நான் உட்கார்ந்தேன். விழுந்து விழுந்து படித்த பிரெஞ்சு இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத்தான் பயன்பட்டது. எனக்கு வலித்தது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. என்ன சொன்னோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதனால்தான் அது உண்மை என்று பட்டது.

கடைசி நிமிஷத்தில் தம்பியின் அணி கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. தம்பி என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். பெரியவர் என் தலையைப் பிடித்து உலுக்கினார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

திரும்பும்போது டிராமில் அவன் குரல் கம்மியிருந்தது. "அம்மா எதனா சொல்லி அனுப்பிச்சாங்களாணா?" என்றான்.

"ஒடம்ப பாத்துக்கச் சொன்னாங்க," என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையாட்டினான். இருவருக்கும் எல்லாம் தெரியும்.

ஊர் திரும்பி வீடு வந்து சேர்ந்ததும், பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அம்மா, "கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. காபி ஆறிப்போகும் வரை நான் அந்த ஆட்டத்தைப் பற்றியே சொன்னேன்: மப்ளர், பெரியவர், என் கைதட்டல், தம்பியின் பாட்டு.

"அவனா பாடுனான்?" என்றார் அம்மா. "சத்தமாவா?"

"நாலு தெருவுக்குக் கேக்கும்."

அம்மா ஆறிப்போன காபி டம்ளரைக் கையில் எடுத்தார். "எங்காதால ஒரு நாள் கேட்டதில்லடா," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா மாடிக்குப் போகவில்லை. நான் அலுவலகம் கிளம்பும்போது முந்தானையில் முடிந்திருந்த மாடிச் சாவியை அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டார்.

"நல்ல குடும்பமா பாத்து வுட்டுடு," என்றார். "பசங்க இருக்கற வூடா பாரு. கொஞ்சம் சத்தம் கேக்கட்டும்."