ஏழாம் நம்பருக்குக் காட்டிய இரக்கம்

மயிலத்துக்குப் பக்கத்தில் பச்சைமுத்துவின் ரோட்டோரக் கொல்லை நிலத்தில் பன்னிரண்டு ரகச் சோளம் நின்றது. பாத்திக்கு ஒரு ரகம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் அட்டை. இதே பன்னிரண்டும் விக்கிரவாண்டியிலும் வானூரிலும் நின்றன. ஓரிடத்தில் செழித்து இன்னோரிடத்தில் காலை வாராமல், எங்கே போட்டாலும் கைகொடுக்கும் ரகம் எது என்று ஆராய்ச்சிக்காரர் ஆர்த்தி தேடிக்கொண்டிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: மழையைத் தவிர சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது.

போயும் போயும் பச்சைமுத்துவிடம் இப்படி ஒரு நிபந்தனை! குடிக்கக் கொடுத்த செம்புத் தண்ணீரில் பாதியை வாசலில் வாடிக்கிடக்கும் கத்தரிச் செடிக்கு ஊற்றுகிற மனிதர் அவர். மற்ற இரண்டு ஊரிலும் மழை பெய்தது, இங்கே ஏமாற்றிவிட்டது. கதிர் வரும் நேரத்தில் ஏழாம் நம்பர் இலை சுருண்டு துவண்டது. பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரிப்பதுபோல அவருக்குத் தோன்றியது. ஒரு சாயங்காலம், பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பாய்ந்துகொண்டிருந்த போர்த் தண்ணீரை அந்தப் பாத்திக்குத் திருப்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அறுவடைக்கு முந்தின வாரம் ஆர்த்தி வந்து பார்த்துப் பூரித்துப்போனார். "மூணு ஊர்லயும் ஏழுதான் அசராம நிக்குதுங்க ஐயா. அடுத்த வருஷம் மானாவாரிக்காரங்களுக்கு இதத்தான் குடுக்கப்போறோம்."

பச்சைமுத்து பல்லைக் காட்டி வைத்தார்.

அன்றே மகள் பானுப்ரியா போன் செய்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கிணறும் இல்லை, போரும் இல்லை. வானத்தை நம்பித்தான் விதைப்பார்கள்.

"அப்பா, ஏழாம் நம்பரு சூப்பரா வந்துகீதாமே? எங்களுக்கும் வாங்கி வைப்பா. வர்ற வருஷம் மொத்தக் கொல்லைக்கும் அதையே போட்டுர்றோம்."

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் மானம் போகும். ஆர்த்தி இனி இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். சொல்லாவிட்டால் மகளின் கொல்லை காயும், அதுவும் அப்பன் கொடுத்த விதையால். படுத்தாலும் பயம், எழுந்தாலும் பயம்.

அறுவடையன்று ஆட்கள் அரிவாளோடு இறங்கும்போது ஓடிப்போய் ஆர்த்தியை மறித்தார்.

"அம்மா, ஏழ எடுக்காதீங்க. நான் அதுக்குத் தண்ணி வுட்டுட்டேங்க."

ஆர்த்தியின் முகம் சுண்டிப்போனது. "எல்லாத்துக்கும் விட்டீங்களா?"

"இல்லீங்க. அதுக்கு மட்டும்."

"அதுக்கு மட்டும் ஏங்க?"

பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மத்ததெல்லாம் எப்படியோ தாக்குப் புடிச்சிக்கினு இருந்துச்சுங்க. இது ஒண்ணுதான் செத்துடும்போல இருந்துச்சு."