படியாத இரும்பு

குடிநீர் நிலையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்த அவளை எல்லோரும் ‘தண்ணியக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அங்கே கிணற்று நீரில் இரும்பு அதிகம். திறந்த தொட்டியில் தெளித்துக் காற்றுப் பட வைத்தால், அது துருவாகித் திரண்டு அடியில் படிந்துவிடும். தெளிந்த நீர் மணல் வடிகட்டி வழியாக வீடுகளுக்குப் போகும்.

மரங்கள் இலை உதிர்த்த ஒரு மாதத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. முதல் போன் அவளுடைய நாத்தனாரிடமிருந்து.

“அண்ணி, வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாயிடுச்சு. என்ன தண்ணி விடுறீங்க?”

என்ஜினியர் மணலை மாற்றச் சொன்னார். மாற்றியும் நிறம் மாறவில்லை. தண்ணியக்கா தொட்டியை எட்டிப் பார்த்தாள். இலைகள் குவிந்து ஊறிக் கிடந்தன.

இரண்டு பாட்டில்களில் கிணற்று நீர் பிடித்தாள். ஒன்றில் மட்டும் இலை ஊறிய நீரைக் கலந்தாள். இரண்டையும் நன்றாகக் குலுக்கி வைத்தாள். மாலைக்குள் இலை நீர் கலக்காத பாட்டிலின் அடியில் செந்துரு படிந்து, மேலே நீர் தெளிந்திருந்தது. மற்றது பழுப்பாகவே நின்றது. இரண்டையும் என்ஜினியர் மேஜையில் வைத்தாள்.

“சார், இலைச் சாறு இரும்பைக் கெட்டியா புடிச்சுக்குது. படியவே விடல. மணல் மேல பழி போட்டு என்ன பிரயோஜனம்?”

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் தொட்டிப் பக்கமே போகலம்மா,” என்று ஒத்துக்கொண்டார்.

தொட்டியைக் கழுவி, மேலே வலை கட்டினார்கள். நான்கே நாளில் தண்ணீர் தெளிந்தது. வலையில் விழும் இலையைத் தினமும் அள்ளும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அதற்காக அவள் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.