பேச்சு தனி, இசை தனி

வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இயக்குநர்களோடு நான் போடாத சண்டை இல்லை. இசை கொஞ்சம் ஏறிவிட்டாலும் கோபம் மூக்கு மேல் வந்துவிடும். தலத்தெருவில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஸ்டுடியோ. குறும்படங்களுக்கு ஒலிக்கலவை செய்கிறேன். எந்தப் படம் முடிந்தாலும் முதல் பார்வையாளர் அப்பாதான். வயலுக்குப் போய்விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பார். “நல்லாருக்கும்மா” என்பார். ஒரு படத்தைக்கூடக் குறை சொன்னதில்லை. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

போன தை மாதம், அறுவடை முடிந்த சமயம், மண்டபத்தூரில் எடுத்த படம் ஒன்று வந்தது. அதை வேறு மொழியிலும் பேச வைக்கப் போகிறார்களாம். அதனால் வசனம் தனி, இசை தனி, அலை, படகு, காக்கைச் சத்தமெல்லாம் தனி என்று மூன்று கோப்புகள் கேட்டார்கள். எல்லாம் சேர்ந்த கலவையும் வேண்டும். எந்தச் சத்தம் எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்று கணினியில் பாதை பிரிக்க வேண்டும். எந்த மடை எந்த வயலுக்கு என்று பார்த்துத் திறந்துவிடுகிற மாதிரியான வேலை. ஒரு நாள் முழுக்க அதற்கே போனது.

மறுநாள் காலை அப்பாவை உட்காரவைத்துப் படத்தை ஓட்டினேன். கணவன் படகிலிருந்து வெறுங்கையோடு இறங்குகிறான். கூடையோடு காத்திருக்கும் மனைவி கேட்கிறாள்: “மீனெல்லாம் இன்னைக்கு லீவா?”

அப்பா குபீரென்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் வர வேண்டிய வயலினைக் காணோம். இசையைக் கோப்புக்கு அனுப்பிவிட்டு ஸ்பீக்கருக்கு அனுப்ப மறந்திருக்கிறேன். என்னையே திட்டிக்கொண்டு அதைச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். கணவன் பதிலுக்கு இன்னும் பெரிய கிண்டல் செய்தான். அப்பா சிரிக்கவில்லை.

“அவன் என்னப்பா சொன்னான்?”

“நல்லாருக்கும்மா.”

“என்ன சொன்னான்னு கேட்டேன்.”

திரையையே பார்த்தார். “பாட்டுச் சத்தத்துல சரியாப் புடிபடல.”

“எத்தனை நாளா இப்படி?”

“நாலஞ்சு வருசம் இருக்கும். நேருக்கு நேரா பேசுனா கேக்குது, வேற சத்தம் சேந்தா கலங்கிப் போயிடுது. நீ காதை வச்சுப் பொழைக்கிற பொண்ணு. ஒங்கப்பனுக்கே காது கேக்கலன்னா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா? பாட்டு போடுறதுதான் ஒன் வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். பாட்டு நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரெல்லாம் சண்டை போட்டுத் தெளிவாக்கிய வசனத்தில் ஒரு வார்த்தைகூடப் பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்க முடியாது என்று ஒரே பிடிவாதம்.

சரியென்று இசையை அடியோடு நிறுத்திவிட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“படம் சுமார்தாம்மா,” என்றார். “அந்தப் பொண்ணு பேசுறது நல்லாருக்கு. அந்தப் பய எதுக்குச் சொன்னதையே சொல்றான்?”

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன முதல் குறை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

“முன்னாடி பண்ணுனதையெல்லாம் இதே மாரி போடேன், பாக்குறேன்.”

பழைய படங்களுக்கு நான் பாதையெல்லாம் பிரித்ததில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, கலந்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவேன். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்: “அதுலேர்ந்து பாட்டைத் தனியா எடுக்க முடியாதுப்பா.”

“ஒண்ணுலகூடவா?”

“ஒண்ணுலகூட.”

அப்பா எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

“அந்தக் காது டாக்டரு எத்தனை மணிக்கு வருவாரு?”