வெள்ளிக்கிழமையே வந்துவிட்ட திங்கட்கிழமை

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஓடிய இலக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர வேண்டிய பிளொக், வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரைக்கே எழுநூற்றிருபது பிளொக் தூரத்தில் நின்றது. ஐந்து செக்கனுக்கு ஒன்று என்றால் ஒரு மணித்தியாலம்.

"வினோதா, இது இண்டைக்குப் பன்னண்டரைக்கு வருது."

"சேர், நீங்க எண்ணினதில பிழை இருக்கும்." வந்து பார்த்தவள் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற பின், நாவற்குடாவில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் பரிசோதகராகச் சேர்ந்தேன். வினோதா அங்கே தலைமை நிரலாளர். அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. நாலு கணினி, ஒரு லைப்ரரி

வாவி நண்டு ஏற்றுமதிச் சங்கம் எங்கள் வாடிக்கையாளர். ஒவ்வொரு நண்டுப் பெட்டியும் எங்கே, யார் பிடித்தது என்ற பதிவு நாவற்குடா, காத்தான்குடி, கொக்கட்டிச்சோலை, ஓட்டமாவடி ஆகிய நாலு இடத்துக் கணினிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். பதிவுகளைக் கட்டாகக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பார்கள். ஒரு கட்டு ஒரு பிளொக். கணினிகள் முறை வைத்துப் பிளொக் கட்டும். நாலில் மூன்று ஒத்துக்கொண்டால் அது ஏறும். வாங்குகிறவர் பெட்டியில் ஒட்டிய குறியை ஸ்கேன் பண்ணினால் பதிவு தெரியும்.

நாலும் ஒரே விதியில் ஓட வேண்டும். எத்தனை செக்கனுக்கு ஒரு பிளொக், ஒரு பிளொக்கில் எவ்வளவு கொள்ளும் என்பவையெல்லாம் பராமீற்றர்கள். முன்பு ஒவ்வோர் இடத்திலும் அவற்றைக் கையால் அடித்தோம். ஒருவர் ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டார். அரை நாள் வீணானது. அதற்குப் பிறகு எல்லாப் பராமீற்றரையும் ஒரே லைப்ரரியில், அதாவது ஒரு பொது நிரல் தொகுப்பில், எழுதி வைத்தோம். நாலு இடமும் அதையே இறக்கி எடுக்கும்.

நண்டு கூடுதலாகப் படும் காலத்தில் பிளொக் நிரம்பி வழிந்தது. அளவைப் பெரிதாக்க வேண்டும், அதுவும் நாலிலும் ஒரே கணத்தில். ஆகவே லைப்ரரியில் 'இந்த இலக்கப் பிளொக்கிலிருந்து புது அளவு' என்று எழுத வேண்டியிருந்தது.

2. நல்ல நேரம்

சங்கத் தலைவர் கணபதிப்பிள்ளை கொக்கட்டிச்சோலைக்காரர். "மாத்துங்க புள்ள, வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா நல்ல நேரத்தில மாத்துங்க" என்றார்.

"ஐயா, கொம்பியூட்டருக்கு நேரம் தெரியாது. பிளொக் இலக்கம்தான் தெரியும்" என்றாள் வினோதா.

"அப்ப நேரத்த இலக்கமாக்குங்க. படிச்ச ஆக்கள்தானே!"

அவர் குறித்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்து நாள் இருந்தது. பிளொக்குக்கு ஐந்து செக்கன் என்பது லைப்ரரியில் எழுதிய விதி. நடைமுறையில் கடந்த மாதச் சராசரி ஏழு செக்கன். வினோதா அதை வைத்துப் பத்து நாளை வகுத்து இலக்கத்தை எழுதினாள். நானும் வகுத்துப் பார்த்தேன், அதே விடைதான்.

மூன்று இடங்களில் புது லைப்ரரியை ஏற்றினோம். ஓட்டமாவடியை மட்டும் சனிக்கிழமைக்கு விட்டோம். அங்கே நண்டு சேகரிப்பவர் நசீர். அவருடைய முதல் லோட் வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்புக்குப் போக இருந்தது. ஒரு பெட்டிக்குப் பதிவு இல்லையென்றாலும் இனி அவரிடம் எடுப்பதில்லை என்று வாங்குகிறவர் சொல்லியிருந்தார். இந்தப் புது வியாபாரத்தை நம்பிப் பழைய வியாபாரியை நசீர் விட்டுவிட்டார். அங்கே திரும்பிப் போகவும் வழியில்லை. "லோட் போகட்டும், மறுகா மெசினில கை வைங்க" என்று அவரே கேட்டிருந்தார்.

3. ஜும்மாவுக்கு முன்

பழைய லைப்ரரியோடு நிற்கும் ஓட்டமாவடிக் கணினி, முதல் பெரிய பிளொக்கைக் கண்டதும் 'பிழை' என்று சொல்லி நின்றுவிடும். மற்ற மூன்றும் அதைக் கழற்றிவிடும். அதன் பின் அங்கே போடும் பதிவு எதுவும் ஏறாது. பாதிப் பெட்டிகளுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகுதான் பதிவு போடுவார்கள். ஏற்றிய மூன்றிலும் இலக்கத்தைத் திரும்ப மாற்றுவதைவிட மிஞ்சிய ஒன்றை மாற்றுவது சுலபம். ஆனால் அதைத் திரும்பத் தொடக்கக் கடவுச்சொல் வேண்டும். அது நசீருக்கு மட்டுமே தெரியும்.

"நசீர் காக்கா, எங்க நிக்கிறீங்க?" என்று வினோதா போனில் கேட்டாள். காக்கா என்றால் அங்கே அண்ணன்.

"பள்ளிக்கு வெளிக்கிடுறன் தங்கச்சி. இண்டைக்கு வெள்ளிக்கிழம, தெரியாதா?"

"ஒருக்கா ஐஸ் ரூமுக்குப் போங்க. இப்பவே மெசின மாத்தோணும்."

"நாளைக்கு எண்டுதானே சொன்னீங்க! லோட் போற நாளில மாத்தச் சொல்றீங்க. அது நிண்டா என்ன செய்யிற?"

"மாத்தாட்டித்தான் காக்கா நிக்கும். திங்கக்கிழம வாற பிளொக் இண்டைக்கு வருது."

"திங்கக்கிழம எப்பிடி வெள்ளிக்கிழம வரும்? என்ன கணக்குப் பாத்தீங்க?"

போனை நான் வாங்கினேன். "அது எனக்கும் தெரியா நசீர். வருது எண்டது மட்டும் தெரியும்."

மறுபக்கம் சிரிப்புக் கேட்டது. "சேர், தெரியா எண்டு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்ப உண்மையாத்தான் இருக்கும். போறன்."

அங்கே இணைய வேகம் மோசம். லைப்ரரி இறங்க இறங்க நான் மீதிப் பிளொக்குகளை எண்ணினேன். "காக்கா, கடவுச்சொல்லச் சொல்லுங்க, மிச்சத்த நான் இஞ்ச இருந்து பாக்கிறன். நீங்க பள்ளிக்குப் போங்க" என்றாள் வினோதா.

"ஆருக்கும் சொல்லப்படாது எண்டு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்கும் சொல்லமாட்டன்."

தொண்ணூறு பிளொக் மிச்சம் இருக்கும்போது ஓட்டமாவடி மீண்டும் தொடர்பில் வந்தது. "குத்பா பிரசங்கம் துவங்கியிருக்கும்" என்று சொல்லி நசீர் போனை வைத்தார். இலக்கம் வந்தது. சற்று நேரத்தில் முதல் பெரிய பிளொக்கும் வந்தது. நாலும் ஏற்றன. வினோதா என் ஆறிய தேநீரை எடுத்துக் குடித்துவிட்டாள்.

4. ஏன்?

பயம் போனதும் எனக்குக் காரணம் தெரியாமல் இருக்க முடியவில்லை. கடந்த மாதம் முழுவதற்குமான பிளொக் இடைவெளிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து, பதின்மூன்று. திரும்பவும் அதே. நாலாவது முறை கொக்கட்டிச்சோலையுடையது. அந்த மாதம் அங்கே மின்சாரம் நின்றதுதான் அதிகம். அதன் முறை வரும்போது மற்ற மூன்றும் சற்றுக் காத்திருந்து, பிறகு தாண்டிப் போயிருக்கின்றன. நாங்கள் கணக்குப் போட்ட பத்து நாளின் தொடக்கத்திலேயே அந்தப் பதின்மூன்று காணாமல் போயிருந்தது. தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, உங்கட பக்கம் இப்ப கரண்ட் போறதில்லையா?"

"போகுது, ஏன் போகாம? நான் பெரிய பேட்டரி ஒண்டு வாங்கிப் போட்டிருக்கன். நல்ல நேரத்தில மெசின் நிண்டு போகப்படாது தானே."

"எப்ப போட்டீங்க?"

"நேரம் குறிச்ச அண்டைக்கே."

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தின மணிக்குத் துவங்கின?"

"பன்னண்டரை தாண்டி."

"வெள்ளிக்கிழம ராகு காலம் பன்னண்டோட முடிஞ்சிரும். தப்பிச்சம் சேர்."

மறுநாள் மதியம் நசீர் போன் எடுத்தார். "எல்லாப் பெட்டியும் ஸ்கேன் பட்டிட்டு சேர். அடுத்த கிழமைக்கும் கேக்கிறாங்க. இப்ப சொல்லுங்க, திங்க எப்பிடி வெள்ளியாச்சி?"

சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டார். "அப்ப தலைவர் நல்லது செய்யப் போய்த்தான் இவ்வளவும்?"

ஓம் என்றேன். நாங்கள் கண்ட சராசரிக்குள் கொக்கட்டிச்சோலையின் மின்வெட்டும் இருந்தது. அதை யாராவது சீர்செய்வார்கள் என்று எங்கள் கணக்கில் இடம் விடவில்லை.

இப்போது லைப்ரரியில் அந்த இடத்தில் பிளொக் இலக்கம் இல்லை. திகதியும் மணியும் இருக்கின்றன. தலைவர் பஞ்சாங்கம் பார்த்துத் தருகிறார். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று நசீர் சொல்லிவைத்திருக்கிறார். வினோதா எழுதுகிறாள். இனி எதுவும் முந்தி வர வழியில்லை என்று அவள் சொல்கிறாள். ஆனாலும் அந்தத் திகதிக்கு முதல் நாள் நான் நாலு இடத்துக்கும் போன் எடுத்து, புதிதாக ஏதும் வாங்கிப் போட்டீர்களா என்று கேட்கிறேன்.